நிலக்கரி அடுப்பு மூச்சுத் திணறிய மூன்று வாரம்

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவின் வடகிழக்கில், வில்க்ஸ்-பேரி பக்கம். அந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரி வெட்டியெடுத்த பூமி. இன்றைக்கும் இங்கே பல வீடுகளில் அதை எரித்துத்தான் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். நாங்கள் வீடு வாங்கியபோது அடித்தளத்தில் ஓர் இரும்பு அடுப்பும் சேர்ந்தே வந்தது. கையால் கரி போட்டு, கைப்பிடியை ஆட்டிச் சாம்பலை உதிர்க்கும் வகை. போன குளிர்காலம் முழுவதும் ஒரு தொல்லையும் தராமல் எரிந்தது. இந்த நவம்பரில் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

நவம்பர் 9

கரி போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் மேலே நீலச் சுடர் எழும்பவில்லை. சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தால் பாதிக் கரி கறுப்பாகவே கிடந்தது. இரவு எட்டு மணிக்குத் தீக்குச்சி உரசினாற்போலக் கந்தக வாடை. படிக்கட்டருகே இருக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் காட்டும் அலாரத்தின் திரையில் 34 (காற்றில் பத்து லட்சத்துக்கு 34 பங்கு) என்று காட்டியது. அந்த அளவுக்கு அது கத்தாது. ஆனால் அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்தோம். அவர்கள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, வீட்டுக் காற்று சுத்தமாகும்வரை நின்றுவிட்டுப் போனார்கள். காரணம் தெரியாமல் இந்த அடுப்பை மூட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

விறகு எரித்துப் பழகியவர்களுக்கு நிலக்கரி புதிராக இருக்கும். விறகு சுற்றிப் படும் காற்றிலேயே எரிந்துவிடும். அந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்து ஏறி, கரிப்படுகை முழுவதையும் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். 1808 பிப்ரவரி 11 அன்று இதே வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், துருத்தி எதுவும் இல்லாமல் வெறும் இரும்புக் கம்பித் தட்டின்மேல் இந்தக் கரியை வைத்துத் தன் வீட்டில் எரித்துக் காட்டினார். கம்பி இடுக்கு வழியாக ஏறும் காற்றே போதும் என்பதுதான் அவர் கண்டது. அந்தக் காற்றை மேலே இழுப்பது புகைபோக்கி. படுகையின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே தகிக்கும் கரியைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. படுகையின் உச்சியில் அது எரிவதுதான் அந்த நீலச் சுடர். சுடர் இல்லையென்றால் வாயு எரியாமல் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

நவம்பர் 12

புகைபோக்கி காற்றை இழுக்கும் வலுவை, அதாவது இழுவையை, அளக்க ஒரு மானோமீட்டர் வாங்கினேன். அடுப்புக்கும் பாரோமெட்ரிக் டேம்பருக்கும் (இழுவை மிஞ்சினால் தானே திறந்து அறைக் காற்றைக் குழாய்க்குள் விடும் தகடு) நடுவில் குழாயில் சின்னத் துளை போட்டுப் பொருத்தினேன். அடுப்புக் கையேடு கேட்பது 0.05 அங்குல நீர்மட்டம், அதாவது நீரை ஒன்றேகால் மில்லிமீட்டர் உயரம் தூக்கும் அளவு இழுவை. பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சமாக மூட்டிப் பார்த்ததில் 0.02தான் வந்தது.

மறுநாள் ஆறியதும் குழாயைக் கழற்றினேன். அடுப்பிலிருந்து சுவர்வரை படுக்கையாகப் போகும் பகுதியில் மாவுபோன்ற பழுப்புச் சாம்பல் பாதி உயரத்துக்குப் படிந்திருந்தது. அரை வாளி தேறியது. இந்தச் சாம்பல் விறகுக் கரிபோல ஒட்டாது. படுக்கைக் குழாயிலும் முழங்கை வளைவிலும் சும்மா குவிந்துகொண்டே இருக்கும். துடைத்து மாட்டியதும் 0.04.

நவம்பர் 15

மிச்சம் எங்கே கசிகிறது என்று பார்க்க ஊதுபத்திதான் கைகொடுத்தது. அடுப்புக் கதவு, குழாய் இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் புகை நிமிர்ந்து நின்றது. புகைபோக்கியின் அடியில், சாம்பல் வாருவதற்காக வைத்த இரும்புக் கதவருகே கொண்டுபோனதும், நூல்போல ஏறிக்கொண்டிருந்த புகை சட்டென்று மடங்கி இடுக்குக்குள் ஓடியது. அந்த வழியாகக் குளிர்ந்த காற்று புகைபோக்கிக்குள் ஏறி, உள்ளே இருக்கும் சூட்டையும் இழுவையையும் ஒருசேரக் குறைத்திருக்கிறது. அடுப்பு சிமெண்டு பூசி, கதவைச் சுற்றிக் கண்ணாடியிழைக் கயிறு வைத்து அழுத்தி மூடினேன். 0.05. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 17

சாயங்காலம் மறுபடி அதே வாடை. உடனே ஜன்னலைத் திறந்துவிட்டோம். அப்போது மனைவி சொன்னாள்: "நான் டிரையர்ல துணி போடுறப்பதாங்க இந்த நாத்தம் வருது. அன்னிக்கும் அப்படித்தான்." நவம்பர் 9 இரவும் டிரையர் ஓடியிருக்கிறது.

மறுநாள் பகலில் சோதித்தோம். அவள் டிரையர் பொத்தானை அழுத்தினாள், நான் மானோமீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 0.05, 0.03, அப்புறம் 0.01. டேம்பரின் தகடு அசையாமல் மூடிக்கொண்டது. படுகையின்மேல் ஆடிக்கொண்டிருந்த நீலச் சுடர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. டிரையரை நிறுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் எழுந்துவிட்டன. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் 0.03.

டிரையர் வீட்டுக்குள் இருக்கும் காற்றை எடுத்து வெளியே தள்ளுகிற இயந்திரம். தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். போன வருடம் அடித்தள ஜன்னல் இடுக்குகள் வழியாக வந்திருக்கிறது. இந்தச் செப்டம்பரில் குளிருக்குப் பயந்து அந்த இடுக்குகளையெல்லாம் நுரை வைத்து அடைத்தது நான்தான். மிச்சமிருந்த ஒரே பெரிய திறப்பு புகைபோக்கி. அந்த வழியாகத்தான் அடுப்பின் வாயு கீழே இறங்கியது.

டிரையர் பக்கத்துச் சுவரில் 4 அங்குலக் குழாய் ஒன்றை வெளிக்காற்றுக்காகப் பதித்து, பூச்சி வராமல் வலை கட்டினேன். இப்போது டிரையர் ஓடும்போதும் 0.045க்குக் கீழே இறங்குவதில்லை. படுக்கையறை வாசலிலும் இன்னொரு அலாரம் மாட்டியாயிற்று.

நவம்பர் 26

மழை, வெளியே 13 டிகிரி செல்சியஸ். எல்லாம் சரியாக இருந்தும் 0.02தான். உள்ளுக்கும் வெளியேவுக்கும் சூட்டு வித்தியாசம் குறைந்தால் இழுவையும் குறையும். எங்கள் புகைபோக்கி வெளிச்சுவரில் நிற்பதால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இந்த மாதிரி நாளில் அடுப்பை அணையவிட்டு மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொள்கிறோம்.

மாதம் ஒருமுறை படுக்கைக் குழாயைத் துடைக்க நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். ஏப்ரலில் அடுப்பை நிறுத்தியதும் குழாயை முழுவதுமாகக் கழற்றி, கழுவி, காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். சாம்பலில் இருக்கும் கந்தகம் கோடை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிக் குழாயை அரித்துவிடும்.