13 வயதுப் பூனைக்குச் சுகர்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் "அதுக்குமா வரும்?" என்கிறார்கள். வரும். பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போலத்தான் இருக்கும். உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை, கணையமும் போகப் போகக் களைத்துவிடுகிறது. வயதான, பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். எங்கள் கருப்பனுக்கு இவை எல்லாமே பொருந்தும். வயது 13.

அவன் அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் போய் நின்றதுதான் முதலில் கண்ணில் பட்டது. மணல் தொட்டியை அள்ளும்போது கட்டிகள் பெரிதாகவும் கனமாகவும் வந்தன. சாப்பாட்டில் குறையே இல்லை, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். ஆனாலும் தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அப்புறம் நடை மாறியது. பூனைகள் விரல் நுனியில் நடப்பவை. இவன் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தான். நெடுநாள் கூடியிருக்கும் சர்க்கரை நரம்புகளைப் பாதிப்பதால் அப்படி ஆகும் என்று பிறகு தெரிந்தது.

வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்து இளைத்தால் சர்க்கரையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. சிறுநீரகக் கோளாறும் தைராய்டு மிகைப்பும் இதே முகத்தோடு வரும். அதனால் டாக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும், நோய் இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தாண்டலாம். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் அறையில் உட்காரவைத்து எடுத்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது. அதற்காகத்தான் ஃப்ரக்டோசமைன் சோதனை. அது முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும். அதுவும் கூடுதலாக இருந்தது, சிறுநீரிலும் சர்க்கரை இருந்தது. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற பொருள் இல்லை, அதில் ஒரு நிம்மதி. சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம் இருக்கிறதா, தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஏதும் கொடுத்தோமா என்றும் கேட்டார்கள். இவற்றில் எது இருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

மாத்திரை இல்லையா என்று கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நாங்களும் கேட்டோம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் பூனைகளுக்கென்று 2022 கடைசியிலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்திருக்கின்றன. ஆனால் எல்லாப் பூனைக்கும் அவை ஆகாது. கணைய அழற்சி இருந்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ கொடுக்கக் கூடாது. கருப்பனுக்குக் கணையத்தில் சந்தேகம் இருந்ததால் இன்சுலின் என்று முடிவானது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 1 யூனிட்.

பயமுறுத்தியது ஊசி. ஆனால் எல்லாவற்றிலும் சுலபமானதும் அதுதான். ஊசிமுனை தலைமுடி போல அவ்வளவு மெல்லியது. பிடரிக்குக் கீழே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் செலுத்தவேண்டும். அவன் தட்டில் முகம் புதைத்துச் சாப்பிடும்போதே போட்டுவிடலாம், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் சிரிஞ்ச் விஷயத்தில்தான் கண்டிப்பு. பூனை, நாய்களுக்கான சில இன்சுலின்கள் ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்கானது பெரும்பாலும் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சின் கோடு பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்பவேண்டாம். மருந்துக் குப்பியிலும் சிரிஞ்சுப் பையிலும் உள்ள எண் ஒன்றா என்று பார்த்துத்தான் நாங்கள் வாங்குகிறோம்.

சர்க்கரை அளவைப் பற்றி டாக்டர் முதல் நாளே ஒன்று சொன்னார். "கூடினா நாளைக்குப் பாத்துக்கலாம். குறைஞ்சா இப்பவே பாக்கணும்." இது மனதில் இறங்க எனக்குச் சில வாரம் ஆனது. இறங்கியபின் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஊசி குத்திவிட்டோம், மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று தெரியவில்லை. என்ன செய்வது? இன்னொன்று போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரட்டை டோஸ் உயிரை எடுத்துவிடும். வீட்டில் இருவரும் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள், போட்டவர் நேரத்தோடு கையெழுத்து. கையெழுத்து இல்லையென்றால் மற்றவரைக் கேட்காமல் யாரும் சிரிஞ்சைத் தொடுவதில்லை.

சாப்பிடாத வேளைகள் இன்னொரு கவலை. உணவை ஒதுக்கினால் வழக்கமான ஊசியை அப்படியே போடாமல் டாக்டருக்குப் போன் செய்கிறோம். பூனைகள் பட்டினி தாங்குபவை அல்ல. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். சர்க்கரை நோயோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் கீட்டோன் ஏறியிருக்கலாம். அப்போது "கூடினா நாளைக்கு" என்பது செல்லாது, உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

சர்க்கரை இறங்கினால் முதலில் சோர்வு, தள்ளாட்டம், காரணமில்லாத கடும்பசி. அப்புறம் நடுக்கம், வலிப்பு. தேனும் தொலைபேசி எண்ணும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தெளிவாக இருந்தால் சாப்பாடு. தள்ளாடினால் ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரை அழைக்கவேண்டும். விழுங்க முடியாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

வீட்டிலேயே சோதிப்பது எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. காது மடல் ஓரத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். காதை வெதுவெதுப்பாக்கி அதற்குப் பக்கத்தில் லான்செட் என்ற சிறு ஊசியால் குத்தினால் ஒரு சொட்டு வரும். வரும் என்றுதான் சொல்கிறார்கள். வராத நாட்களில் நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவன் கொட்டாவி விடுவான். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும், அதனால் பிராணிகளுக்கான மீட்டரே வாங்கினோம். டோஸ் மாறியபின் ஒரு நாள் முழுக்க, ஊசி முதல் அடுத்த ஊசி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து வரைபடம் போடுவோம். எந்த நேரத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டியது. ஒரு எண் 320 என்று வந்ததும் நாமே அரை யூனிட் ஏற்றிவிடத் தோன்றும். தோன்றட்டும், ஏற்றக் கூடாது.

உணவை மாற்றினோம். பூனை இறைச்சி தின்னும் உடம்பு, மாவுச்சத்து அதற்குத் தேவையில்லை. நாள் முழுக்கத் திறந்து கிடந்த உலர் உணவுக் கிண்ணம் போய், மாவுச்சத்து குறைந்த ஈர உணவு வந்தது. இதையும் டாக்டரிடம் சொல்லி, சோதித்துக்கொண்டே மெல்ல மாற்றவேண்டும். உணவு மாறியதும் சர்க்கரை சட்டென்று இறங்கும், பழைய டோஸே அப்போது அதிகமாகிவிடும். கருப்பன் உலர் உணவுக்காகச் சில நாள் உண்ணாவிரதம் போலவே நடித்தான். ஈர உணவை லேசாகச் சூடாக்கி வாசம் எழுப்பியபின் விட்டுக்கொடுத்தான்.

எங்கள் நாளும் 12 மணி நேரமாக மடிந்துவிட்டது. வெளியூர் என்றால் ஒருவர் மட்டும். பக்கத்து வீட்டு அக்கா வெறும் உப்பு நீரில் பழகிப் பார்த்துவிட்டு, இப்போது தைரியமாக ஊசி போடுகிறார்.

எடை திரும்பிவருகிறது. குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கிறது, ஆனால் உயரமான ஜன்னலுக்கு இன்னும் தாவுவதில்லை. டோஸ் அரை யூனிட்டுக்கு இறங்கியிருக்கிறது. சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும் என்கிறார் டாக்டர், சீக்கிரம் கட்டுக்குள் வந்தால் அதற்கு வாய்ப்பு கூடுதலாம். அப்படி வந்தாலும் நோய் திரும்பலாம், அதனால் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த ஃப்ரக்டோசமைன் வந்தபின்தான் நிறுத்திப் பார்ப்பது பற்றிப் பேச்சு.