அணைக்கும்போது வந்த ‘தொப்’: ஸ்பீக்கர் காப்பு ரிலே, இரண்டாம் சுற்று

நேற்று இரவு என் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) முப்பது தடவையாவது போட்டுப் போட்டு அணைத்தேன். ஒரு தடவைகூட வூஃபர் கோன் (அடிக்குரல் ஸ்பீக்கரின் கூம்பு) அசையவில்லை. ஆம்பைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கரில் சத்தம் வராமல் தடுக்கத்தான் மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் சுடச்சுட எழுதிவிடுகிறேன்.

எல்லாம் ஆம்பை மாற்றியதில் ஆரம்பித்தது. ஃபில்டரில் பக்கத்துக்கு 4700 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 10000 போட்டேன். ஃபீட்பேக்கில் தரைக்குப் போகும் 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு 220. என் காதுக்கு அடிக்குரல் நன்றாகவே இறங்கியது, அதில் குறை இல்லை. ஆனால் அந்த 220 தன்னோடு இருக்கும் 1 கிலோ ஓமுடன் சேர்ந்து டைம் கான்ஸ்டன்டை (கெபாசிட்டர் நிறையவோ காலியாகவோ ஆகும் வேகத்தின் அளவை) 0.047 விநாடியிலிருந்து 0.22-க்கு ஏற்றிவிட்டது. ஐந்து மடங்கு காத்திருந்தால்தான் அவுட்புட் பூஜ்யத்தில் வந்து உட்காரும், அதாவது 1 விநாடிக்கு மேல். முன்பு லேசாக ‘டிக்’ என்று போனது, இப்போது கோன் முன்னால் தள்ளி நின்று மெல்லத் திரும்பியது. நல்ல ஸ்பீக்கரை அதில் மாட்டி வைக்க மனம் வரவில்லை. பழைய கார் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துத்தான் சோதனை எல்லாம்.

போடும்போது வரும் சத்தத்தை அடக்குவது ஒரு மாலை வேலை. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), 4 விநாடி தாமதம் கொடுத்து அதை இழுக்க வைத்தால் முடிந்தது. யுபிசி1237 என்ற ஸ்பீக்கர் காப்பு ஐசி போட்ட ரெடிமேட் போர்டு வாங்கியிருக்கலாம்தான். எனக்கு ஒவ்வொரு நேர அளவையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதால் டிரான்சிஸ்டரிலேயே கட்டினேன்.

அணைக்கும்போதுதான் தலைவலி. சுவிட்சை அணைத்து இரண்டு விநாடி கழித்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், ‘தொப்’. காரணம் இதுதான்: ரிலேக்கு மின்சாரம் ஆம்பின் +42 வோல்ட் லைனிலிருந்தே 820 ஓம் வழியாக வருகிறது. 10000 மைக்ரோ ஃபாரட் சீக்கிரம் காலியாகாது. அதற்கு மேல், 24 வோல்ட் ரிலே என்றால் 24-க்குக் கீழே போனதும் விட்டுவிடாது. ஒரு தடவை இழுத்துவிட்டால் சில வோல்ட் வரைகூடப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் பிளஸ் லைனும் மைனஸ் லைனும் வேறு வேறு வேகத்தில் இறங்கி, ஆம்ப் நிலை தவறி, இருப்பதை எல்லாம் ஸ்பீக்கரில் கொட்டிவிடுகிறது.

ஆகவே ரிலே டிசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, டிரான்ஸ்பார்மரின் ஏசியைப் பார்க்க வேண்டும். 30-0-30 செகண்டரியின் ஒரு முனையிலிருந்து 1என்4007 டயோடு, அதன் பின் 1 மைக்ரோ ஃபாரட், அதை வடிக்க 22 கிலோ ஓம், அப்புறம் 24 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டுக்கு மேல் போனால்தான் கரண்ட் விடும் டயோடு). ஜீனர் வழியாகக் கரண்ட் நின்றதும் ஒரு டிரான்சிஸ்டர், அந்த 4 விநாடியைத் தரும் தாமதக் கெபாசிட்டரை 100 ஓம் மூலம் காலி செய்துவிடும். இந்தக் காலி செய்வது மிக முக்கியம். இல்லையென்றால் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால்கூட, தாமதமே இல்லாமல் ரிலே இழுத்துவிடும்.

பற்றவைத்துப் போட்டுப் பார்த்தால் ரிலே இழுக்கவே இல்லை. நான்கு விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம், ம்ஹூம். நான்கு நாள் டிரான்சிஸ்டரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்கோப்பை (வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கருவி) அந்த 1 மைக்ரோ ஃபாரட்டின் மேல் வைத்த பிறகுதான் தெரிந்தது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே டயோடு என்பதால் 50 ஹெர்ட்ஸில் உச்சிக்கும் உச்சிக்கும் நடுவே 20 மில்லி விநாடி. 22 கிலோ ஓம் கெபாசிட்டரை சுமார் 11 மில்லி விநாடியிலேயே 25 வோல்ட்டுக்கு இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ‘மின்சாரம் போய்விட்டது’ என்று எண்ணி சர்க்யூட் தாமதக் கெபாசிட்டரைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறது. சீக்கிரம் விட வேண்டும் என்ற ஆசையில் நான்தான் அவ்வளவு சின்ன அளவைப் போட்டேன். செகண்டரியின் மறுமுனையிலிருந்தும் ஒரு டயோடு, கெபாசிட்டர் 2.2. இடைவெளி 10 மில்லி விநாடி ஆனது, அதற்குள் 34 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. அணைத்தால் சுமார் 25 மில்லி விநாடியில் தெரிந்துவிடுகிறது. ‘டக்’ என்ற ரிலே சத்தம் சுவிட்ச் சத்தத்தோடு ஒட்டியே கேட்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரிலே காயிலின் குறுக்கே வெறும் டயோடு போட்டால் காண்டாக்ட் திறக்கத் தாமதமாகும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி பாயும் வேளையில் அந்தத் தாமதம் நல்லதல்ல. டயோடோடு தொடராக ஒரு 24 வோல்ட் ஜீனர் சேர்த்தேன். முதல் தடவை அணைத்ததுமே பிசி547 போய்விட்டது. கணக்குப் போட்டால் 42 + 24 + 0.7, கிட்டத்தட்ட 67 வோல்ட். அது தாங்குவது 45, பிசி546 கூட 65 தான். 160 தாங்கும் 2என்5551 போட்ட பிறகு பிரச்சினை இல்லை.

காண்டாக்ட் வயரிங்கும் அப்படித்தான். பெரும்பாலான ரிலேக்களின் மேல் டிசி அளவு 30 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும், என்னிடம் இருப்பது 42. திறக்கும்போது பொறி அறுந்துபோகாமல் நிற்கலாம். அதனால் ஸ்பீக்கரை நடு முனையிலும், ஆம்பை இழுத்தால் சேரும் முனையிலும், சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும் முனையைத் தரையிலும் கொடுத்தேன். பொறி நின்றாலும் கரண்ட் தரைக்குப் போய் ஃபியூஸை எரிக்கும், ஸ்பீக்கர் தப்பும்.

ரிலே வாங்குவது பற்றி ஒரு வருத்தம். ஒரே எண் அச்சிட்ட ஐந்து ரிலே வாங்கினேன். நான்கில் காயில் 1100 ஓம், ஒன்றில் 700 சொச்சம். 820 ஓம் கணக்கே அந்த 1100-ஐ நம்பித்தான். விற்றவரிடம் கேட்டதற்கு எல்லாம் ஒன்றுதான் என்றார். மாட்டும் முன் காயிலை அளந்துவிடுங்கள்.

அவுட்புட்டில் டிசி வந்தால் ரிலேயை விடவைக்கும் பகுதியை இடது சேனலில் 9 வோல்ட் பேட்டரியைப் பிளஸாகவும் மைனஸாகவும் வைத்துப் பார்த்துவிட்டேன், இரண்டுக்கும் ரிலே விட்டது. வலது சேனல் இன்னும் பாக்கி. அதற்குள் மனம் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டை முதுகோடு முதுகாக வைத்து ரிலேயையே எடுத்துவிடலாமா என்று ஓடுகிறது. 100 வோல்ட் ஜோடி ஒன்று எடுத்தும் வைத்துவிட்டேன். வலது சேனலை முடிக்காமல் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை.