கடைமடையில் ஒரு மழைமானி: எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்

இறுதியாண்டு புராஜெக்டுக்கு வானிலைக் கருவி என்று முடிவானதற்கு கஜா புயல்தான் காரணம். 2018 நவம்பர் 16 அதிகாலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நாங்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதற்கப்புறம் கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அதனால் டவரை நம்பவே கூடாது என்பதில் டீமே ஒரே பேச்சாக இருந்தது. சிம் கார்டு மாட்யூலை ஒதுக்கிவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸில், டவர் இல்லாமலே தூரத்துக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ, எல்லாவற்றையும் இயக்க ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப், எல்லாவற்றையும் பதிந்துவைக்க மெமரி கார்டு.

சர்க்யூட் சீக்கிரமே முடிந்தது. உயிரை வாங்கியது மழைமானிதான்.

உள்ளே சீசா போல இரண்டு குட்டித் தொட்டிகள். ஒன்று நிரம்பிக் கவிழ்ந்ததும் மற்றது புனலுக்கு அடியில் வரும், கவிழும்போதெல்லாம் ஒரு காந்தம், காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சைக் கடக்கும், அதை எண்ணினால் மழை அளவு. புனலின் விட்டம் 16 செ.மீ., அதாவது பரப்பு சுமார் 200 சதுர செ.மீ., ஆக 0.2 மி.மீ. மழைக்கு 4 மில்லி தண்ணீர். அந்த 4 மில்லிக்குச் சரியாகக் கவிழ வைக்க, மெடிக்கலில் டிரிப்ஸ் செட் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டுத் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தோம். வேகமாக விட்டால் தொட்டி கவிழ்கிற நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போய்விடும், அதனால் கொட்டுகிற மழைக்குத்தான் அளவு குறையும், நமக்கு வேண்டியதும் அந்த மழைதான், அதற்கென்று புரோகிராமில் தனித் திருத்தம் போட்டோம்.

அழுத்தமானி வேறு ஒரு பாடம் நடத்தியது. நம் ஊரில் காற்றழுத்தம் காலை, இரவு 10 மணி வாக்கில் ஏறும், மாலை, அதிகாலை 4 மணி வாக்கில் இறங்கும், வானம் பளிச்சென்று இருந்தாலும் 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். வெறும் இறக்கத்தை வைத்து அலாரம் வைத்தால் தினமும் சாயங்காலம் புயல்தான். நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டால் சரி.

வைத்த இடம் திருத்துறைப்பூண்டி பக்கம், நண்பனின் பெரியப்பா வயல். மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கலாம் என்று படித்திருந்தோம், அடைமழையில் அங்கே அந்த உயரத்துக்குத் தண்ணீரே நிற்கும். தென்னை மறைக்காத இடமாகப் பார்த்து மோட்டார் கொட்டகை மேலே ஏற்றினோம். மேலே காற்று கொஞ்சம் மழையைத் தள்ளிக்கொண்டு போகும், பரவாயில்லை.

பெரியப்பா கீழே நின்று பார்த்துவிட்டு, "மழ பேஞ்சா எனக்கே தெரியுமே தம்பி, வடிவாய்க்கால் எப்ப தளும்பும்னு இது சொல்லுமா?" என்றார். எங்கள் கைடுகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மதகுக்கு மேலே தண்ணீரைப் பார்த்தபடி ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரை மாட்டினோம். சிலந்தி அதன் முன்னால் வலை கட்டிவிட்டால் வாய்க்கால் நிரம்பிவிட்டதாகக் காட்டும், அவர்தான் அவ்வப்போது விளக்குமாற்றால் தட்டிவிடுகிறார்.

ஐப்பசி, கார்த்திகையில் சோலாரை நம்ப முடியாது. பெரிய பேட்டரி போட்டு, சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் மழை தொடங்கினால் அடிக்கடியும் அனுப்புகிற மாதிரி மாற்றினோம்.

ரெவ்யூவில் ஆப் எங்கே என்று கேட்டார்கள், செய்து காட்டினோம். பெரியப்பாவுக்கு அது வேண்டாமாம், "ராத்திரில தண்ணி ஏறுனா கத்துறாப்ல ஏதாவது வை" என்றார். இப்போது ரிசீவர் அவர் வீட்டுத் திண்ணையில் பழைய பைக் ஹாரனோடு இருக்கிறது, ஹாரன் 12 வோல்ட் என்பதால் அதற்கு ஒரு ரிலேயும் தனி பேட்டரியும் சேர்க்க வேண்டியிருந்தது.