பசுவின் வயிற்றில் யார் குடியிருப்பது?

கறவை மாடுகளின் வயிற்று நுண்ணுயிர்களைப் பற்றி எதைப் படித்தாலும், 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வெளியான ஒரு சோதனைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். பால் வைமர் (கறவை மாட்டு ஆய்வாளருக்குப் பொருத்தமான பெயர்தான்) குழுவினர், விலாவில் துளையிட்டு மூடி பொருத்தப்பட்ட பசுக்களின் ரூமென் என்னும் முதல் வயிற்றிலிருந்து, பாதி செரித்த தீவனமும் நீருமாகக் கிடந்ததில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெளியே எடுத்து, ஒன்றினுடையதை மற்றதன் வயிற்றில் நிரப்பினார்கள். ஒரே நாளில் அமிலத்தன்மை அந்தந்த மாட்டின் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. பாக்டீரியாக் கூட்டமும், சில மாடுகளில் விரைவாகவும் சிலவற்றில் மெதுவாகவும், முந்தைய சேர்க்கையை நோக்கி நகர்ந்தது.

கன்றாகப் பிறந்த பிறகு தாயிடமிருந்தும் தொழுவத்திலிருந்தும் வந்து சேரும் நுண்ணுயிர்களில் எவை தங்கும் என்பதில் மாட்டுக்கும் பங்கு உண்டு என்பதையே இது காட்டுகிறது. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் சுரக்கும் உமிழ்நீர், வயிற்றின் கொள்ளளவு, தீவனம் அதில் தங்கும் நேரம், வயிற்றுச் சுவர் அமிலங்களை உறிஞ்சும் வேகம் ஆகியவை மாட்டுக்கு மாடு வேறுபடுகின்றன. மெதுவாக வளரும் நுண்ணுயிர், தீவனம் விரைந்து கடந்துபோகும் வயிற்றில் நிலைக்க முடியாமல் அடித்துச் செல்லப்படும். ஆனால் ஒரு மாட்டின் தனித்தன்மை முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதைப் பிரித்தறிய விஸ்கான்சின் சோதனையின் நான்கு மாடுகள் போதா, நூற்றுக்கணக்கில் வேண்டும்.

2019-இல் பிரிட்டன், இத்தாலி, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் 1,016 பசுக்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான மாடுகளில் பொதுவாகக் காணப்படும் நுண்ணுயிர்களில் 39 மட்டுமே மாட்டின் மரபோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். எண்ணிக்கை சிறிதுதான் என்றாலும், பால் உற்பத்தியோடும், மாடு ஏப்பத்தில் விடும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவோடும் தொடர்புள்ளவை அவற்றில் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் ஹோல்ஸ்டீன் என்னும் கறவை இனத்தின் 750 டென்மார்க் பசுக்களில் நடந்த ஆய்வோ, மீத்தேன் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மாட்டின் மரபுக்கும் 13 விழுக்காட்டை நுண்ணுயிர்களுக்கும் கொடுத்து, இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே செயல்படுகின்றன என்றது. நான் இந்த இரண்டாவது ஆய்வின் பக்கமே சாய்கிறேன்.

செரிமானம் கெட்ட மாட்டுக்கு நலமான மாட்டின் ரூமென் நீரைப் புகட்டுவது கால்நடை மருத்துவர்களின் பழைய வைத்தியம். அது படுத்த மாட்டை எழுப்பும். ஆனால், நலமாக இருக்கும் மாட்டின் வயிற்றை வேறொரு மாட்டின் வயிறாக ஆக்கிவிடாது என்பதற்கு விஸ்கான்சின் பசுக்களே சாட்சி.

ஆகவே மீத்தேன் குறைந்த மாடுகளை உருவாக்க விரும்புவோர், நுண்ணுயிரைத் தேடாமல் நேராக மீத்தேனையே கணக்கிடத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. கனடாவில் 2023 முதல் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு அத்தகைய மரபு மதிப்பீடு வெளியிடப்படுகிறது. பால் மாதிரியின் வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி அந்தப் பசு விடும் மீத்தேனைக் கணிக்கிறார்கள், வயிற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.