தோல் சீட்டோடு மல்லுக்கட்டு

மே 12, 2024, ஞாயிறு

ஆசைப்பட்ட புரூக்ஸ் பி17 சைக்கிள் சீட் வந்துவிட்டது. விரலால் தட்டினால் பலகை போலச் சத்தம் வருகிறது. கூட வந்த புரூஃபைடு மெழுகை மேலே மெல்லிசாகவும் அடியில் கொஞ்சமும் தடவினேன். கப்பன் பூங்காவில் இரண்டு சுற்று. கல்திண்ணையில் உட்கார்ந்து மிதித்தது போல இருந்தது.

மே 19

அல்சூரிலிருந்து கோரமங்களா, போக வர 14 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் பின்பக்கம் புண்ணாகிவிட்டது. சீட்டின் மூக்கைத் துளி உயர்த்தியதும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெயில் ஊறப்போடச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் இருந்த சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "எண்ணெயில ஊறப்போட அது என்ன, முறுக்கா?" என்றார். இது நம் ஊர் ஆவாரம்பட்டைத் தோல் போல மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய ரகம். உட்காருகிறவன் எடைக்கும் வேர்வைக்கும் மெல்லப் படிந்துகொடுக்கும். எண்ணெய் அதிகமானால் நார் தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்கிவிடுமாம்.

ஜூன் 3

நேற்று 111 மில்லிமீட்டர் மழை. பெங்களூரில் ஜூன் மாதத்து ஒருநாள் மழையில் 133 வருஷ சாதனை முறிந்ததாம். அதில் நனைந்த சீட்டுகளில் என்னுடையதும் ஒன்று. மேலே பிளாஸ்டிக் பை கட்டியிருந்தேன். ஆனால் மட்கார்டு இல்லாத பின்சக்கரம் அடியிலிருந்து வாரி இறைத்ததை யோசிக்கவே இல்லை. மெழுகு அதிகம் ஏறாத சொரசொரப்புப் பக்கம் அதுதான், தண்ணீரை அப்படியே குடித்துவிட்டது.

மனைவி ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள். மறுபடி சித்தப்பா: "ஈரத்தோலுக்குச் சூடு காட்டினா சுருங்கி விறைச்சுப் போயிரும்டா. நிழல்ல வை. காயிற வரைக்கும் மேல உட்காராத, இழுத்துக்கும்."

செய்தித்தாள் விரித்து, ஜன்னலோரம் வைத்தேன். மூன்று நாள் ஆட்டோ.

ஜூன் 6

காய்ந்துவிட்டது, ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. மெழுகு ஒரு கை. தோலை இழுத்துப் பிடிக்கும் மூக்கடி போல்ட்டை முறுக்கி இறுக்கக் கை பரபரத்தது. தொங்காத தோலை எதற்கு இழுக்க வேண்டும்? ஸ்பேனரை அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டேன். மட்கார்டும் மாட்டியாயிற்று, இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

400 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழி தெரிகிறது, இடது கொஞ்சம் ஆழம். நான் கோணலாகத்தான் உட்காருகிறேன் போல! வலி சுத்தமாக இல்லை.

ஊரிலிருந்து வந்த மச்சான் பால் வாங்க இதை எடுத்துக்கொண்டு போனான். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்தான்.