மனிதர் ஆனார்: ஒரு திருவருகைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 30, 2025, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக்காலம் தொடங்கிவிட்டது. காலைத் திருப்பலியில் நிசேயா விசுவாச அறிக்கையைச் சொன்னோம். "தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்று சொல்லும்போது எல்லாரும் தலை வணங்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. எங்கள் பங்கில் முன்வரிசைப் பாட்டிமார் சிலர் வணங்கினார்கள். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியவில்லை.

இந்த அறிக்கைக்கு அடித்தளமிட்ட, ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் நடந்து இந்த ஆண்டோடு 1700 வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்பு மறைக்கல்வி என் பொறுப்பு. கிறிஸ்து பிறப்புக் காலம் முடியும்வரை இந்த ஒரு வரியைத்தான் நடத்தப் போகிறேன். காரணம் இருக்கிறது. இயேசு கடவுளா என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் உடனே ஆமாம் என்பார்கள். மனிதரா என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். "மனுஷன் மாதிரி வந்தார் டீச்சர்" என்றான் ஒருவன். பெரியவர்களிலும் நிறையப் பேர் உள்ளுக்குள் அப்படித்தான் நினைக்கிறார்கள். பசித்தது போல, வலித்தது போல, அழுதது போல எல்லாம் நமக்காக நடித்துக் காட்டிவிட்டுப் போனார் என்று. அப்படியானால் சிலுவையும் நடிப்புதானே. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

டிசம்பர் 3, புதன்

சவேரியார் திருநாள். மாலைப் பூசை முடிந்து வந்து ஆரியுசைப் பற்றி வாசித்தேன்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்தவர். கடவுளின் மகனாகிய கிறிஸ்துவும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்று போதித்தார். எல்லாப் படைப்புகளிலும் உயர்ந்தவர்தான், ஆனாலும் படைப்பு. தகராறு முற்றியதும் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் ஆயர்களை நிசேயாவுக்கு வரவழைத்தார். இன்று அது துருக்கியில் ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. அலெக்சாந்திரியா ஆயரோடு ஓர் இளம் திருத்தொண்டரும் வந்திருந்தார், அத்தனாசியுஸ். பின்னால் அவரே அங்கே ஆயரானார். இந்த விசுவாசத்துக்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். மொத்தமாகச் சுமார் 17 ஆண்டுகள் தன் மக்களைப் பிரிந்து இருந்தார்.

அவர் கேட்டது எளிய கேள்விதான். படைக்கப்பட்ட ஒருவர் படைக்கப்பட்ட நம்மைச் சாவிலிருந்து எப்படித் தூக்கிவிட முடியும்? கடவுளே வந்தால்தான் உண்டு. நாம் கடவுளின் வாழ்வில் பங்கு பெறும்படி அவர் மனிதர் ஆனார் என்று எழுதி வைத்தார்.

நிசேயா என்றாலே கிறிஸ்துவின் கடவுள்தன்மையை நிலைநாட்டிய சங்கம் என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த அறிக்கை அதோடு நின்றுவிடவில்லை. தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சொன்ன கையோடு இறங்கினார், உடல் எடுத்தார், மனிதர் ஆனார், பாடுபட்டார் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பவரைச் சொன்னது, அவர் எவ்வளவு தூரம் இறங்கினார் என்று சொல்வதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

வகுப்பு நன்றாகப் போனது. எப்போதும் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டாள்: "டீச்சர், இயேசுவுக்குக் காய்ச்சல் வந்திருக்குமா?"

இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர்களை அதட்டிவிட்டு, நற்செய்தியில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் வந்திருக்கக் கூடாது என்றும் எங்கேயும் இல்லை என்றேன். நம்முடைய உடலைப் போன்ற உடல்தான் அது. அப்புறம் எழுதியிருப்பவற்றைத் தேடினோம். யோவான் 4-இல் பயணக் களைப்பில் கிணற்றருகே உட்கார்ந்துவிடுகிறார், தண்ணீர் கேட்கிறார். 11-இல் நண்பனின் சாவுக்கு அழுகிறார். லூக்கா 2-இல் ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வருகிறார். வளர்ந்தார் என்றால் முன்பு தெரியாதது பிறகு தெரிந்தது என்றுதானே பொருள்? தவழ்ந்து, விழுந்து, எழுந்து நடக்கப் பழகியிருப்பார். மாற்கு 13-இல் அந்த நாளும் வேளையும் மகனுக்கும் தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று அவரே சொல்கிறார். இந்த வசனத்தை விளக்க முடியாமல் எத்தனையோ மறைவல்லுநர்கள் திணறியிருக்கிறார்கள். ஆனாலும் திருச்சபை அதைக் கத்தரித்துவிடவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 4. புயலில் படகு தத்தளிக்கிறது, அவர் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் அதே புயலைச் சொல்கிறார்கள், தலையணை மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. புதுமையைச் சொல்ல வந்தவருக்கு அந்தத் தலையணை தேவையே இல்லை. பகலெல்லாம் பேசிவிட்டு அசந்துபோன ஓர் ஆள் தலைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு படுத்தார், அதைப் பார்த்தவர் யாரோ மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 10, புதன்

அம்மாவுக்கு மறதி நோய் கூடிக்கொண்டு வருகிறது. நேற்று என்னைப் பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் ஜெபமாலையைத் தொடங்குவது எப்போதும் அம்மாதான். "அருள் நிறைந்த மரியே" என்று முன்பாதியை அவள் சொல்வாள், நாங்கள் பின்பாதியைச் சொல்வோம். இப்போது அவளுக்கு நினைவில் இருப்பது அந்த முன்பாதி மட்டும். "திருவயிற்றின் கனியாகிய இயேசுவும்" வரை சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறாள். யாராவது பின்பாதியைச் சொன்னால் அடுத்த மணிக்குப் போவாள். சொல்ல ஆள் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்று காத்திருக்கிறாள்.

டிசம்பர் 13, சனி

நாளைய வகுப்புக்காக அப்பொலினாரியுசை எடுத்தேன். வாசித்து முடித்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இவர் சிரியாவின் லவோதிக்கேயாவில் ஆயர். ஆரியுசுக்கு எதிரி, அத்தனாசியுசுக்கு நண்பர். நல்ல நோக்கத்தோடுதான் ஆரம்பித்தார். மனித மனம் நிலையில்லாதது, தவறான எண்ணங்களுக்கு இடம் கொடுப்பது. கடவுளின் வாக்கு, அதாவது கடவுளின் மகன், அப்படிப்பட்ட மனதோடு எப்படிச் சேரும்? ஆகவே கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் கிடையாது, அதன் இடத்தில் கடவுளின் வாக்கே இருந்தது என்றார். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. என் வகுப்பில் கைதூக்கச் சொன்னால் பாதிப் பேர் இவர் பக்கம் நிற்பார்கள்.

381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் இதைத் தள்ளியது. நிசேயா அறிக்கையை விரித்து நாம் இன்று சொல்லும் வடிவம் அந்தச் சங்கத்தோடு சேர்ந்தது. அப்பொலினாரியுசுக்குத் தெளிவாகப் பதில் எழுதியவர் ஆயர் நசியான்சு கிரகோரியார். கிளெதோனியுஸ் என்ற குருவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: எது ஏற்கப்படவில்லையோ அது குணமாகவில்லை, எது கடவுளோடு இணைந்ததோ அதுவே மீட்படைகிறது. ஆதாமில் பாதி மட்டும் விழுந்திருந்தால் கிறிஸ்து பாதியை எடுத்தால் போதும். விழுந்தது முழு மனிதன். அதிலும் கட்டளையை முதலில் மீறியது மனம்தான், ஆகவே மருந்து முதலில் தேவைப்பட்டதும் மனதுக்குத்தான் என்கிறார்.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன், தேர்வுகூட எழுதியிருக்கிறேன். இன்று அடுத்த அறையில் அம்மா விழித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதுதான் அவள் வீடு. முப்பது வருடமாக இருக்கும் வீடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிரகோரியாரின் அந்த வரி வேறு கனத்தோடு வந்தது. அப்பொலினாரியுஸ் சொன்னது சரியென்றால், கடவுள் நம் எலும்பையும் சதையையும் எடுத்துக்கொண்டு, குழம்பும், மறக்கும், பயப்படும் இந்த மனதை மட்டும் வேண்டாம் என்று வெளியே விட்டுவிட்டார் என்றாகும். அம்மாவிடம் இப்போது உடைந்துகொண்டிருப்பது அதேதான். அவர் தொடாத இடத்தில் அவள் தனியாக நிற்கிறாள் என்றாகும்.

அப்படி இல்லை. அவர் மனதையும் எடுத்தார். அது கலங்கியது, ஒலிவ மலையில் துயரத்தால் நொறுங்கியது. கடவுளோடு சேராத மூலை எதுவும் மனிதனிடம் இல்லை. என் அம்மாவிடமும் இல்லை. திருச்சபை இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்காக நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

டிசம்பர் 17, புதன்

அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி கேட்டான்: "அக்கா, எங்களுக்குப் பத்து அவதாரம், உங்களுக்கு ஒண்ணு. அவ்வளவுதானே வித்தியாசம்?" கிண்டலாகக் கேட்கவில்லை. கண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன் அவன்.

இந்தக் கேள்வியைத் தமிழகக் கிறிஸ்தவர்கள் ஆழமாகவே யோசித்திருக்கிறார்கள். சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரை செட்டியார் இந்துவாகப் பிறந்து கிறிஸ்தவரானவர். இயேசுவை அவதாரம் என்றே சொல்லி 1926-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வந்த வேலை முடிந்ததும் விலகிப்போகும் வருகை அல்ல இது, நிலைத்திருப்பது, தூய ஆவியால் இன்றும் தொடர்வது என்பது அதில் அவர் அழுத்திச் சொன்ன கருத்து. தம்பியிடம் நானும் அதையே சொன்னேன். அவர் உயிர்த்த பிறகும் அந்த உடலை விட்டுவிடவில்லை. ஆணித் தழும்புகளோடு வந்து நின்றார், பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் முன் சாப்பிட்டார், அந்த உடலோடுதான் விண்ணகம் சென்றார். இன்றைக்கும் அவர் மனிதர்தான். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இன்னும் மனுஷனாவே இருக்காரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். டீ வந்துவிட்டது, பேச்சு அதோடு நின்றது.

டிசம்பர் 20, சனி

கோயிலில் குடில் வேலை. மூங்கில், வைக்கோல், சாக்கு, களிமண். இளைஞர்கள் அருவி வைத்தே தீருவோம் என்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் செய்தது இதைவிட எளிது. ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தொட்டியருகே திருப்பலி. பச்சைக் குழந்தைக்கு வேண்டிய எதுவும் இல்லாமல் வைக்கோலில் கிடந்ததை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாராம். அவருக்கு அந்த ஏழ்மை முக்கியம். மழையில் ஒழுகும் கூரையின் கீழே பிள்ளை பெற்றவளைப் பார்த்திருக்கும் ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

டிசம்பர் 25, வியாழன்

நள்ளிரவுத் திருப்பலி. இந்த ஒரு பெருவிழாவிலும் வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் அந்த வரிக்குத் தலை வணங்கினால் போதாது, முழங்காலிட வேண்டும். ஃபாதர் முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிட்டார். "உடல் எடுத்து" என்றதும் புதுச்சட்டை, பட்டுச்சேலை எல்லாம் தரையில். என் மாணவர்கள்தான் முதலில் மண்டியிட்டார்கள். அந்தக் காய்ச்சல் கேள்வி கேட்ட பெண் எழுந்திருக்கவும் கொஞ்சம் தாமதித்தாள்.

ஜனவரி 1, 2026, வியாழன்

மரியா இறைவனின் தாய் பெருவிழா. கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ், மரியாவைக் கிறிஸ்துவின் தாய் என்று சொல்லலாம், கடவுளின் தாய் என்று சொல்வது சரியல்ல என்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் எதிர்த்தார். 431-இல் எபேசு சங்கம் சிரில் பக்கம் நின்றது. அவள் பெற்றது ஒரு தன்மையை அல்ல, ஒரு ஆளை; அந்த ஆள் கடவுள். சண்டையில் இரு பக்கமும் நடந்துகொண்ட விதத்தைப் படித்தால் மனம் கசக்கிறது, அதையும் பிள்ளைகளிடம் மறைக்கப் போவதில்லை. 451-இல் கால்சதோன் சங்கம் இரண்டு தன்மைகள், ஒரே ஆள், குழப்பமில்லை, மாற்றமில்லை, பிரிவில்லை, பிளவில்லை என்று அறிவித்ததை எகிப்து, சிரியா, ஆர்மேனியா சபைகள் ஏற்கவில்லை. கேரளத்தின் யாக்கோபாய சபையும் அந்த மரபுதான். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் எகிப்தின் கோப்துச் சபைத் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையில், கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி.

இரவு ஜெபமாலையில் அம்மா வழக்கம்போல நிறுத்திப் பார்த்தாள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எபேசு நகரத்து ஜனங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடியது இந்த வார்த்தைக்காகத்தான்.

ஜனவரி 2, வெள்ளி

கிரகோரியாரின் நினைவு நாள், நண்பர் பசிலியாரோடு சேர்த்து. முதல் வெள்ளியும்கூட. அம்மாவுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தார்கள். சிறு துண்டாகக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துவின் உடல் என்று சொன்னதற்கு "ஆமென்" வரவில்லை, நான் சொன்னேன்.

இந்த விசுவாசம் அம்மாவுக்கு ஞாபகத்தைத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும். அவர் எடுத்த மனித மனம் சாவுக்குள் போய் உயிரோடு எழுந்தது. அவள் மனமும் எழும். என் பெயரும் அவளுக்கு அப்போது தெரியும். இதை நான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாக்சிமுசைத் தொடங்க வேண்டும். கிறிஸ்துவுக்கு மனித விருப்பமே கிடையாது, கடவுளின் விருப்பம் ஒன்றுதான் என்று பேரரசு ஒரு சமரசம் பேசியபோது முடியாது என்று நின்ற துறவி. நாக்கையும் வலக்கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், 662-இல் இறந்தார். 681-இல் கான்ஸ்டாண்டிநோபிள் மூன்றாம் சங்கம், இரண்டு விருப்பங்களும் அவரிடம் உண்டு என்று முடிவு செய்தது. மாற்கு 14-ஐ வாசித்து வரச் சொல்லியிருக்கிறேன். "என் விருப்பப்படி அல்ல" என்று அவர் சொல்லும்போது, அந்த விருப்பம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி.