ஐஸ் மேக்கரை நானே மாற்றிய கதை: அரை மணி நேர வேலைக்கு மூன்று வாரம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் மேக்கர் ஜூன் மாதக் கடைசியில் நின்றுபோனது. டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் அந்த நாட்களில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோருக்கும் நன்னாரி சர்பத்துக்கும் ஐஸ் கேட்காதவர் வீட்டில் ஒருவரும் இல்லை, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரைத் தவிர. பழுது பார்க்கிறவர் வந்து எட்டிப் பார்ப்பதற்கே 110 டாலர் என்றார்கள். உதிரிப்பாகமும் கூலியும் தனிக் கணக்கு. பதினோரு வயதான பெட்டிக்கு அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை என்பதால் நானே செய்து பார்ப்பதென்று இறங்கினேன். மாற்றுகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் நாள் பிடித்தது. அதிலும் ஒரு வார இறுதி முழுவதும் என் அவசரப் புத்தியால் வீணானது.

எங்களுடையது இரண்டு கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வகை. இடது கதவுக்குள் ஃப்ரீசர்; அதன் மேல் தட்டில் ஐஸ் மேக்கர்; அதற்குக் கீழே ஐஸ் விழும் தொட்டி. கருவியின் உடம்பு ஓர் அலுமினிய அச்சு. அதில் பிறைவடிவில் எட்டுக் குழிகள். தண்ணீர் வரத்தைத் திறந்து மூடும் வால்வு சுமார் ஏழரை விநாடி திறந்து, ஏறக்குறைய 140 மில்லி தண்ணீரை அந்தக் குழிகளில் நிரப்புகிறது. தண்ணீர் உறைந்து அச்சின் வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியதும், அச்சோடு ஒட்டியிருக்கும் சிறு தெர்மோஸ்டாட் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் மின்சாரத்தை விடுகிறது. ஐஸ் செய்யும் கருவிக்குள் ஹீட்டர் எதற்கு என்று நானும் முதலில் வியந்தேன். அச்சின் அடியில் ஓடும் அந்த ஹீட்டர் சூடேறினால்தான் கட்டியின் வெளித்தோல் மட்டும் இளகி உலோகத்தை விட்டு விலகும். அப்போது மோட்டார் சுழற்றும் விரல் போன்ற தகடுகள் கட்டிகளை வளைத்துத் தள்ளிவிடும். கட்டிகள் சதுரமாக இல்லாமல் பிறை வடிவில் இருப்பதன் காரணமும் இதுவே: ஓர் அச்சாணியைச் சுற்றி வட்டமாகத் திரும்பும் தகடு, வட்டத்தின் துண்டு போன்ற வடிவத்தைத்தான் குழியிலிருந்து சிக்காமல் வழுக்கி எடுக்க முடியும். சுற்று முடியும் தறுவாயில் ஒரு சுவிட்ச் மறுபடி வால்வைத் திறக்கிறது. இந்த வரிசையை நான் முதல் நாளே மனத்தில் வாங்கியிருந்தால் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டிருக்காது.

முதல் சனிக்கிழமை எளிய காரணங்களைப் பார்த்தேன். ஐஸ் மேக்கரின் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். தொட்டி நிறைந்து ஐஸ் அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்தால் கருவி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். இந்தியக் கடையில் வாங்கிய துருவல் தேங்காய்ப் பாக்கெட்டுகளை எங்கள் வீட்டில் தொட்டியின் ஓரத்தில் செருகி வைப்பது வழக்கம். அதில் ஒன்று கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து, பாக்கெட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தேன். ஐஸ் வரவில்லை. பிறகு ஒரு வெப்பமானியை உறைந்த பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து இரவெல்லாம் விட்டு, காலையில் பார்த்தேன். 2 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. இருக்க வேண்டிய அளவு 0, அதாவது மைனஸ் 18 செல்சியஸ் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் ஃபில்டரை மாற்றி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கதவில் தண்ணீர் பிடித்தால் தம்ளர் நிறையச் சற்று நேரம் எடுக்கவும் செய்தது. புது ஃபில்டர் போட்டதும் கதவில் தண்ணீர் நன்றாக வந்தது. ஐஸ் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். தண்ணீர் மெதுவாக வந்ததைக் கண்ணால் பார்த்திருந்ததால், குற்றவாளி தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கிறான் என்று தீர்மானித்துவிட்டேன். பெட்டியின் பின்புறம் கீழ்மூலையில் இருக்கும் வால்வில் அதைத் திறக்கும் இரண்டு மின்சுருள்கள் உண்டு. ஒன்று கதவுக் குழாய்க்கு, மற்றொன்று ஐஸ் மேக்கருக்கு. எனவே கதவில் தண்ணீர் வருகிறது என்பதை வைத்து ஐஸ் மேக்கருக்கும் தண்ணீர் போகிறது என்று சொல்லிவிட முடியாது. இந்த நுணுக்கம் தெரிந்ததும் அது என் தீர்மானத்துக்கு இன்னும் வலுச் சேர்த்தது. அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் உள்ள தொல்லை இதுதான். 45 டாலருக்கு வால்வு வாங்கினேன். இரண்டாவது சனிக்கிழமை பெட்டியை முன்னால் இழுத்து, பின் அட்டையைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் நட்டைத் தளர்த்தினேன். அடைப்பான் முழுவதும் மூடியிருக்கவில்லை. மூன்று துண்டுகளும் ஒரு பழைய வேட்டியும் நனைந்தன. வால்வு எப்படியோ மாறியது. மறுநாள் மாலை வரை ஐஸ் வரவில்லை.

மறுபடி பெட்டியை இழுக்கப் போனபோது, காபியோடு அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, பின்னாலயே நோண்டிக்கிட்டு இருக்கீங்களே, உள்ள தண்ணி வந்திருக்கா இல்லியான்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை என்பதே உண்மை. ஐஸ் மேக்கர் ஃப்ரீசரின் உச்சியில், என் கண் மட்டத்துக்கு மேலே, கூரையோடு ஒட்டி இருக்கிறது. அதன் அச்சுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை என்று நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். மகளின் கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, செல்பேசி டார்ச்சை அடித்தேன். எட்டுக் குழிகளும் நிறைந்திருந்தன. ஐஸ் வெள்ளைவெளேரென்று பழையதாக, மேலே பனித்தூள் படிந்து கிடந்தது. சாம்பல் நிறத் தகடுகள் ஒவ்வொன்றும் தத்தம் கட்டியின் மேல் அழுந்தி நின்றிருந்தன. ஒரு கட்டியில் தகட்டின் முனை மயிரிழை அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. அதாவது, தண்ணீர் வந்திருக்கிறது, உறைந்திருக்கிறது, தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்திருக்கிறது, மோட்டாரும் திரும்பித் தகடுகளைக் கட்டி வரை கொண்டுவந்திருக்கிறது. கட்டி இளகவில்லை என்பதால் தகடு தள்ளியபடியே நின்றுவிட்டது. மிச்சமிருப்பது ஹீட்டர் ஒன்றுதான். குழி காலியாக இருந்தால் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும், நிறைந்திருந்தால் கருவியின் பக்கம் போக வேண்டும். 45 டாலரையும் ஒரு சனிக்கிழமையையும் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய சோதனை இது, ஒரு கைக்கண்ணாடி போதும்.

ஆனாலும் இம்முறை அளந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தேன். பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரில் இருந்தவற்றைப் பயணத்துக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டு, ஐஸ் மேக்கரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். முன்பக்கத்து வெள்ளை மூடியை இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. அதன் பின்னே மோட்டார் பகுதியின் முகத்தில் ஆறு சிறு துளைகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆங்கில எழுத்து. எல், எச் என்ற இரண்டு துளைகளுக்கு இடையே ஹீட்டரின் மின்தடையை அளக்கலாம். நல்ல ஹீட்டர் 72 ஓம் அளவில் காட்டும். 120 வோல்ட்டில் அது ஏறக்குறைய 200 வாட் என்பதால், ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியில் பாதிகூட இல்லை, ஆனால் ஒரு கைப்பிடி ஐஸின் தோலை இளக்க அது தாராளம். என் மல்டிமீட்டர் எந்த எண்ணும் காட்டவில்லை; மின்சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். துளைக்குள் முனை அரை அங்குலமாவது இறங்க வேண்டும், என் மீட்டரின் முனைகளோ தடிமனானவை. எனவே தொடாமலேயே அப்படிக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தது. மோட்டாரை அளக்கும் எல், எம் துளைகளில் வைத்துப் பார்த்தேன். சில ஆயிரம் ஓம் என்று ஒழுங்காகக் காட்டியது. பிறகு ஸ்குரூக்களைக் கழற்றி மோட்டார் பகுதியை அச்சிலிருந்து பிரித்து, ஹீட்டரின் இரண்டு முனைகளிலும் நேரடியாக வைத்தேன். ஒரு முனை கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியும் மீட்டர் அசையவில்லை. ஹீட்டர் உள்ளேயே அறுந்துவிட்டது.

மோட்டார் பகுதி கெட்டிருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம், விலையும் குறைவு. ஹீட்டர் அலுமினிய அச்சின் அடியில் அழுத்திப் பதிக்கப்பட்டிருப்பதால் முழுக் கருவியையும் மாற்றுவதே முறை. ஃப்ரிட்ஜின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்து, பொருத்தமான கருவியை 72 டாலருக்கு வரவழைத்தேன். 72 ஓமுக்கு 72 டாலர் என்று மகள் சிரித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை வேலை எளிதாகவே நடந்தது. பிளக்கைப் பிடுங்கி, இம்முறை தண்ணீர் அடைப்பானை முடிவரை திருகி, கதவுக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து வரத்து நின்றதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஐஸ் மேக்கர் மூன்று ஸ்குரூக்களில் நிற்கிறது. அவற்றின் தலை அறுகோணமானது, கால் அங்குல ஸ்பேனர் பொருந்தும். மேலே உள்ள இரண்டையும் தளர்த்தினால் போதும், முழுவதும் கழற்ற வேண்டாம். கீழே உள்ளதைக் கழற்றிவிட்டுக் கருவியை மேல்நோக்கித் தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபடும். தூக்கும்போது ஒரு கையால் தாங்க வேண்டும், ஏனென்றால் வயர்க் கட்டு இன்னும் சுவரோடு இணைந்திருக்கிறது. கனெக்டரின் பக்கத்து நாக்கை அழுத்தினால்தான் அது விடும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து எளிதில் உடையும் என்பதால், கதவைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்து அழுத்தினேன். பழைய கருவியிலிருந்த தொங்கும் கம்பி, மூடி, தண்ணீர் வாங்கும் சிறு கிண்ணம் ஆகியவற்றைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. முன்னதாகவே ஒரு படம் எடுத்து வைத்திருந்ததால் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்று குழம்பவில்லை. எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து நிமிடம்.

புதுக் கருவி மாட்டியவுடன் தண்ணீர் பிடிக்காது. அச்சு குளிர்ந்து, தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டு, தகடுகள் வெறும் குழியை ஒருமுறை வலம்வந்த பிறகே முதல் தண்ணீர் வரும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். துளைகளில் ஒரு வயரைச் செருகி உடனே ஓடவைக்கும் வித்தையைத் தொழிலில் இருப்பவர்கள் செய்வார்கள். 120 வோல்ட் ஓடும் இடத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. படுக்கப் போகுமுன் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் தொட்டியை இழுத்தேன், வரவில்லை. தொட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரே பாளமாக ஐஸ் உறைந்து, தொட்டியைத் தட்டோடு ஒட்டவைத்திருந்தது. பின்சுவரிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயின் முனை கிண்ணத்துக்குள் இறங்காமல், அதன் விளிம்புக்கு வெளியே நின்றிருந்தது. கருவியை மேலே மாட்டும் அவசரத்தில் நான் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திரும்பப் பார்க்கவில்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, வெந்நீரில் பிழிந்த துணியால் தொட்டியை விடுவித்து, குழாயின் முனையைக் கிண்ணத்துக்குள் இறக்கி, கண்ணாடி வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். கருவி மட்டமாக இருக்கிறதா என்று செல்பேசியை அதன்மேல் படுக்கவைத்தும் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் கடைசிக் குழியைத் தாண்டி வழிந்து மறுபடி இதே பாளம்தான் வரும்.

ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு முதல் எட்டுக் கட்டிகள் தொட்டியில் விழுந்தன. அந்தச் சத்தத்துக்கு வீடே அடுக்களைக்கு வந்தது. முதல் மூன்று சுற்று ஐஸில் புது பிளாஸ்டிக் வாசனை இருக்கும் என்பதால், அவற்றை உருகவிட்டுக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டேன். அதற்கடுத்ததை மோரில் போட்டுக் குடித்தோம். மாமியாருக்கும் ஒரு தம்ளர் நீட்டினேன். "எனக்கு ஐஸ் வேண்டாம் மாப்பிள்ளை, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டுக் கட்டிகள் விழுகின்றன. கழற்றிய பழைய வால்வில் ஒரு குறையும் இல்லை என்பதால் அதைத் துடைத்துக் கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு சிறு குறை மட்டும் பாக்கி: கட்டிகள் தனித்தனியாக விழாமல், மெல்லிய தகடுபோன்ற ஐஸால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு விழுகின்றன. தண்ணீர் கொஞ்சம் அதிகமாக நிறைகிறது என்பதன் அடையாளம் அது. மூடிக்குள் கூட்டல், கழித்தல் குறியிட்ட ஒரு சிறு ஸ்குரூ உண்டு. அரைச் சுற்றுத் திருப்பினால் 20 மில்லி அளவுக்குக் கூடும் அல்லது குறையும். கழித்தல் பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் போதுமென்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு.